ஒளிரும் கூண்டுகளும் ஒரு கிளாஸ் டீயும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "அரை மணி நேரம் பேசுங்க, ஆனா காமர்ஸ் படிச்சவங்களும் வந்திருப்பாங்க" என்றார். அதனால் ஸ்லைடு எதுவும் கொண்டுவரவில்லை. இந்த மேசையில் இருப்பவை பெரிய கடைகளில் கிடைக்கும் டானிக் வாட்டர் ஒரு பாட்டில், மூன்று கண்ணாடித் தம்ளர், கொஞ்சம் உப்பு, கேன்டீனில் வாங்கிய பால் விடாத டீ ஒரு கிளாஸ், கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று. டார்ச்சை யாரும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம்.

விளக்கை அணைக்கச் சொல்கிறேன். முதல் தம்ளர்: டானிக் வாட்டர் மட்டும். டார்ச் பட்டதும் நீல நிறத்தில் ஒளிர்கிறது. மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மருந்து இதில் துளி இருக்கிறது; ஒளிர்வது அதுதான். இரண்டாவது தம்ளரில் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்குகிறேன். நீலம் மங்குகிறது. மூன்றாவதில் ஒன்றும் போடவில்லை. அதற்கும் டார்ச்சுக்கும் நடுவில் இந்த டீ கிளாஸை நகர்த்துகிறேன். அதுவும் மங்கிவிட்டது.

ஒளி இரண்டு தம்ளரிலும் குறைந்தது. ஆனால் கொய்னாவுக்கு ஏதாவது நேர்ந்தது எந்தத் தம்ளரில்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போடலாம்.

கொய்னாக் கரைசல் இப்படி ஒளிர்வதை 1845-இல் ஜான் ஹெர்ஷல் எழுதி வைத்தார். 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, அதைவிட அலைநீளம் கூடிய ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று விளக்கினார். இதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. தமிழில் உடனொளிர்தல் என்கிறோம். 'உடன்' என்ற சொல் மிகப் பொருத்தம். கந்தக அமிலக் கரைசலில் கொய்னா மூலக்கூறு கதிரை வாங்கி ஒளியாகக் கொடுக்க ஏறக்குறைய 20 நானோவினாடிதான் ஆகிறது. ஒரு வினாடியில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. சொன்னது உடனே புரியாதவனை நாம் 'டியூப்லைட்' என்கிறோம். பாவம், குழல் விளக்கின் தாமதம் ஸ்டார்ட்டருக்கு உரியது. உள்ளே பூசிய பொடிமேல் பழி போடக் கூடாது.

வேதி உணர்தல் என்றதும் பெரிய கருவி ஒன்று உங்கள் நினைவுக்கு வரலாம். நம் வீட்டு வாசலிலேயே அது நடக்கிறது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தைக் கண்டு நிறம் மாறுகிறது. இரண்டாம் ஆண்டு பிராக்டிக்கலில் நிக்கல் உப்போடு டைமீத்தைல் கிளையாக்சைம் சேர்த்து ரோஜா நிற வீழ்படிவு பார்த்த கண்கள் இங்கே நிறைய இருக்கின்றன. ஓர் உலோக அயனியை ஒரு கரிம மூலக்கூறு இரு கையாலும் பிடித்துக்கொள்ளும்போது பிறக்கும் நிறம் அது. நான் சொல்ல வந்த கூண்டுகளும் இதே குடும்பம்தான்; இன்னும் பெரியவை, நடுவில் வெற்றிடம் உள்ளவை.

அப்படி ஒரு கூண்டு எப்படி உண்டாகிறது? பல்லேடியம் அயனி கூட்டல் குறி மாதிரி நான்கு பக்கமும் கை நீட்டும். அந்தக் கைகளுக்கு ஏற்ற கரிமத் துண்டுகளை, அதாவது ஈனிகளை, சரியான வளைவோடு செய்து கொடுத்தால், உலோகம் மூலையாகவும் ஈனி சட்டமாகவும் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் வரிசை போட்டு உட்கார வைப்பதில்லை. உட்கார்ந்து, எழுந்து, இடம் மாறி, கடைசியில் எல்லா இலைக்கும் ஆள் வந்துவிடுகிறது அல்லவா, அதைப்போல. உலோகத்துக்கும் ஈனிக்கும் இடையிலான பிணைப்பு மறுபடி மறுபடி அறுந்து சேரக்கூடியது. அதனால் தப்பாகச் சேர்ந்தவை பிரிந்து, மிகவும் நிலையான வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

ஜெர்மனியில் ரோல்ஃப் சால்ஃபிராங்க் 1988-இல் நான்கு மக்னீசியம் அயனிகளும் ஆறு ஈனிகளும் சேர்ந்த நான்முகிக் கூண்டை வெளியிட்டார். ஜப்பானில் மகோட்டோ ஃபுஜிதா 1990-இல் பல்லேடியத்தை மூலையாக வைத்து ஒரு சதுரம் செய்தார். 1995-இல் ஆறு பல்லேடியமும் நான்கு ஈனிகளும் கொண்ட கூண்டு. அதே குழு 2016-இல் 48 பல்லேடியம், 96 ஈனி, ஆக 144 துண்டுகள் தாமாகச் சேர்ந்த ஒரு கோளத்தைக் காட்டியது. 144 பேரைப் பந்தியில் உட்கார வைப்பதே நமக்குப் பெரும் பாடு.

2025-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் செய்தது உலோக-கரிமச் சட்டகம். முடிவே இல்லாமல் நீண்டு போகும் அடுக்குமாடிக் குடியிருப்பு. கூண்டு என்பது தனி அறை. தனி அறை என்பதால் கரைப்பானில் கரையும். கரைசலில் விட்டு வேலை வாங்க அது வசதி.

உள்ளே யாரை வைக்கலாம்? மீன் பிடிக்கும் பறியில் வாயின் அளவு மீனைத் தேர்ந்தெடுப்பதுபோல, கூண்டின் சன்னலும் உள்ளறையும் விருந்தாளியைத் தேர்ந்தெடுக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2009-இல் வந்தது. வெண் பாஸ்பரஸ் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். நம் லேபில்கூட அதைத் தண்ணீருக்குள்தான் வைத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் ஜொனதன் நிட்ஷ்கே குழுவினர் அதை ஓர் இரும்புக் கூண்டுக்குள் அடைத்தார்கள். திறந்த காற்றிலும் அது சாதுவாக இருந்தது.

ஆனால் அந்தக் கூண்டு ஒளிராது. இங்கேதான் எங்கள் துறையின் பழைய தலைவலி ஆரம்பிக்கிறது.

கூண்டைக் கட்டுவது உலோகம். ஒளியைக் கொல்வதும் பெரும்பாலும் அதே உலோகம். ஈனிக்கு ஒளிரும் தன்மை இருந்தாலும், பக்கத்தில் இரும்பு, கோபால்ட், தாமிரம் போன்ற இடைநிலை உலோகம் உட்கார்ந்தால், வாங்கிய ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகப் போய்விடுகிறது. பிளாட்டினம் போன்ற கனமான அணு இருந்தால் கிளர்வு நிலை வேறு பாதையில் திரும்பிவிடும், உடனொளிர்தல் குன்றும். துத்தநாகமும் காட்மியமும் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள், d கூடு நிரம்பியவை என்பதால் குறுக்கிடுவதில்லை.

இதற்கு ஒரு வழி ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2001-இல் பென் சோங் டாங் குழுவினர் வினோதமான சில மூலக்கூறுகளைக் கண்டார்கள். கரைசலில் இருளாக இருக்கும். ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டியானால் பளிச்சென்று ஒளிரும். இந்த வகையில் பலரும் கையாள்வது டெட்ராபினைல் எத்திலீன். அதன் நான்கு வளையங்கள் மின்விசிறி இறக்கைபோல ஆடிக்கொண்டே இருப்பதால் ஆற்றல் ஆட்டத்தில் கழிந்துவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்தினால் ஒளி. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்டாங் குழுவினர் இதைப் பிளாட்டினக் கூண்டின் சுவரில் பூட்டினார்கள். கூண்டே இறக்கைகளைப் பிடித்துக்கொண்டது. பிளாட்டினம் இருந்தும், நீர்த்த கரைசலிலும் அந்தக் கூண்டுகள் நன்றாக ஒளிர்ந்தன. 2015-இல் அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

இப்போது உணர்தலுக்கு வருவோம். கூண்டின் சுவர் ஒளிர்கிறது. உள்ளே ஒரு விருந்தாளி நுழைகிறான். எலக்ட்ரானுக்கு ஏங்குபவன் என்றால், சுவர் கிளர்ந்திருக்கும் அந்தச் சில நானோவினாடிக்குள் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்வான். ஒளி அணையும். நைட்ரோ தொகுதிகள் உள்ள வெடிபொருள்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. கூண்டு விருந்தாளியைச் சுவருக்கு மிக அருகில் பிடித்து வைப்பதால், சாதாரண சாயத்தைவிட இந்த வேலை எளிதாக நடக்கும் என்பது எதிர்பார்ப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்த சாரதி முகர்ஜி குழுவினர் ஒளிரும் கூண்டுகளைக் கொண்டு பிக்ரிக் அமிலம் போன்ற நைட்ரோ சேர்மங்களை உணர்வதில் நிறையப் பணி செய்திருக்கிறார்கள்.

பிக்ரிக் அமிலத்தை விலங்கியல் மாணவர்கள் அறிவார்கள். திசுக்களைப் பதப்படுத்தும் பவுன் திரவத்தில் இருப்பது. நல்ல மஞ்சள் நிறம். ஈரமாக இருக்கும்வரை அமைதி, உலர்ந்துபோனால் வெடிக்கும். (அலமாரியில் பழைய பாட்டில் எதிலாவது உலர்ந்து கிடந்தால் மூடியைத் திருகாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள்.)

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது துத்தநாகத்தை மூலையாகவும் ஆந்த்ரசீன் உள்ள ஈனிகளைச் சட்டமாகவும் கொண்டு ஒரு கூண்டு செய்தேன். செய்யவே ஒன்றரை வருடம். 365 நானோமீட்டர் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். அதில் பிக்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒளி இறங்கியது. 50 மைக்ரோமோலார் செறிவில் எழுபது சதவீதம் போய்விட்டது. ஸ்டெர்ன்-வோல்மர் சமன்பாடு 1919-இல் வந்தது. ஆரம்ப ஒளியை மிஞ்சிய ஒளியால் வகுத்து, செறிவுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். எனக்குக் கோடு நேராக ஆரம்பித்துப் பிறகு மேல்நோக்கி வளைந்தது. வளைவுக்கும் நான் ஒரு அழகான விளக்கம் எழுதினேன். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பி, மேடையில் பேச இடமும் கிடைத்துவிட்டது. உதவித்தொகை முடிய ஐந்து மாதம் இருந்தது.

கருவிகளைப் பார்த்துக்கொண்ட மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். பட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. இருபது வருடமாக அதே அறையில் இருந்தவர். ஒருநாள் என் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சாம்பிள் இவ்ளோ மஞ்சளா இருக்கே. விளக்கு வெளிச்சத்த அதுவே குடிச்சிடாதா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் கொஞ்சம்தான் சார்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அரை சென்டிமீட்டர் அகலக் குப்பி ஒன்றை எடுத்து, அதே செறிவில் பிக்ரிக் அமிலத்தை மட்டும் ஊற்றினார். கூண்டுக் கரைசலைத் தனிக் குப்பியில் அதன் இடத்தில் வைத்து, விளக்குக்கும் அதற்கும் நடுவில் மஞ்சள் குப்பியை நிறுத்தினார். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. 100-இல் இருந்த அளவு 45-க்கு வந்து நின்றது.

இந்த டீ கிளாஸ்தான் அது.

கணக்கை அன்றே செய்திருக்கலாம். பிக்ரிக் அமிலம் 365 நானோமீட்டரைப் பலமாக உட்கவரும். என் கரைசலில் 50 மைக்ரோமோலார் அளவில் உட்கவர்திறன் 0.7. ஒரு சென்டிமீட்டர் குப்பியின் நடுப்பகுதியிலிருந்துதான் கருவி ஒளியைப் பார்க்கிறது. விளக்கின் கதிர் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆந்த்ரசீன் வெளியிடும் நீல ஒளியிலும் ஒரு பங்கை அதே மஞ்சள், வெளியே வரும் வழியில் விழுங்குகிறது. இரண்டுக்கும் திருத்தம் செய்ய எளிய சூத்திரமே உண்டு: கதிர் வாங்கும் அலைநீளத்தில் உள்ள உட்கவர்திறனையும் ஒளி வரும் அலைநீளத்தில் உள்ளதையும் கூட்டி, இரண்டால் வகுத்து, பத்தின் அடுக்காக்கி, கண்ட ஒளியோடு பெருக்க வேண்டும். பெருக்கினேன். எழுபது சதவீதம் பதினேழானது. என் அழகான வளைவு நிமிர்ந்து கிட்டத்தட்டப் படுத்துவிட்டது.

அந்தப் பதினேழிலும் ஒரு பங்கு வேறு காரணத்தால் வந்தது என்று பிறகு தெரிந்தது. பிக்ரிக் அமிலம் பெயருக்கேற்ற வலிமையான அமிலம். நைட்ரோ தொகுதியே இல்லாத வேறொரு வலிமையான அமிலத்தை அதே அளவு சேர்த்தபோதும் ஒளி கொஞ்சம் குறைந்தது. அமிலம் ஈனியைத் தாக்கிக் கூண்டையே பிரித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி உள்ளே வந்து உட்காரவில்லை, வீட்டை இடித்திருக்கிறான்.

இரண்டு நாள் நான் வழிகாட்டியிடம் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன். திருத்தம் செய்யாத வரைபடங்கள் அச்சில் நிறைய வந்திருக்கின்றன. என்னுடையதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆபரேட்டரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மூன்றாம் நாள் அவர் எதிரே வந்து, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்று மதியம் வழிகாட்டியின் அறைக்குப் போனேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி. ரெண்டு நாளா ஏம்மா சொல்லல?" என்றார். வேறு திட்டவில்லை. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை என்னையே எழுத வைத்தார்.

பிறகு ஈனியை மாற்றினோம். மஞ்சள் குறுக்கே வராத இடத்தில், 470 நானோமீட்டர் பக்கம், கதிரை வாங்கும் சட்டம் ஒன்றைச் செய்தோம். உணர்திறன் குறைவு. ஆனால் முன்னால் பிக்ரிக் குப்பியை நிறுத்தினால் எண் அசையவில்லை. உள்ளே சேர்த்தால்தான் இறங்கியது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது. உதவித்தொகை இல்லாத அந்த வருடத்தை எப்படி ஓட்டினேன் என்பது என் தோழிகளுக்குத் தெரியும். அவர்களில் இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஒளி அணைவதை மட்டும் காட்டும் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பினால், 'டீ கிளாஸ் சோதனை செய்தீர்களா' என்பதை நாகரிகமான மொழியில் கேட்டுவிடுவேன். அணைய ஆயிரம் காரணம் உண்டு. இருட்டிலிருந்து ஒளி பிறப்பதற்குக் காரணங்கள் குறைவு. அத்தகைய உணரிகளை நான் கூடுதலாக நம்புகிறேன். ஸ்டாங் குழுவினர் 2017-இல் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைப் பிளாட்டினக் கூண்டுகளால் இனம்கண்டார்கள். பிளாட்டினத்துக்குக் கந்தகத்தின்மேல் தீராத ஆசை. எனக்குத் தொல்லையாக வந்த அதே விஷயத்தை, உலோகத்தை விருந்தாளி பறித்துக்கொண்டு போவதை, வேண்டுமென்றே சைகையாகவும் பயன்படுத்த முடியும்.

நேற்று விடுதியில் ஒரு மாணவர் கேட்டார்: "மேடம், எங்க ஊரு தர்மபுரி. கிணத்துத் தண்ணியில ஃபுளோரைடு இருக்கு. இந்தக் கூண்ட அதுல போட்டா தெரியுமா?" நியாயமான கேள்வி. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டியிருக்கிறது. அவரிடம் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். கிணற்று நீரில் குளோரைடு இருக்கும், பைகார்பனேட் இருக்கும், கால்சியம் இருக்கும். பல்லேடியக் கூண்டின் மூலையைக் குளோரைடே பிடுங்கிவிடலாம். அசிட்டோநைட்ரைலில் அழகாக நிற்கும் பல கூண்டுகள் தண்ணீரில் நிற்பதில்லை. ஃபுளோரைடு அயனியோ தண்ணீரில் நீர் மூலக்கூறுகளைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு இருக்கும். போர்வையைக் கழற்றி உள்ளே இழுப்பது கடினம். ஆகவே இன்றைக்கு அந்தக் கிணற்றுக்கு இந்தக் கூண்டு உதவாது. சாதாரண அயனி மின்முனை போதும், அதை வாங்கிக் கொடுக்க ஊராட்சியைக் கேளுங்கள் என்றேன்.

ஒளியால் உணர்தல் எங்குமே வெளியே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா உருவாக்கிய ஒளிரும் மூலக்கூறுகள், இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கும் கருவிகளுக்குள் போய் மருத்துவமனைகளுக்கு வந்தன. வெடிபொருள் ஆவியை ஒளி அணைவதன் மூலம் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவியும் அமெரிக்காவில் டிமத்தி ஸ்வாகர் உருவாக்கிய பாலிமர்களிலிருந்து வந்தது. இவை இரண்டும் கூண்டுகள் அல்ல. கூண்டுக்காரர்களான நாங்கள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறோம். தண்ணீரில் நிலைத்து நிற்கும் கூண்டுகளைச் செய்வதில்தான் இப்போது பலருடைய நேரமும் போகிறது, என்னுடையது உட்பட.

என் கட்டுரை கடைசியில் வந்தது. அதில் இரண்டு குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த படம் ஒன்று உண்டு. நன்றிப் பகுதியில் ஆபரேட்டர் பெயரைப் போட்டேன். அவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இனிஷியல் தப்பா இருக்கேம்மா" என்றார். தப்பாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தத் தம்ளர்களும் டார்ச்சும் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை இந்த டீயை யாரும் குடித்துவிட வேண்டாம்.